பயான் (வாக்குமூலம்) கொடுக்கும் முன்: ராணுவ விசாரணையில் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாத உரிமை

ஒரு யூனிட் கேன்டீனில் மாதக் கடைசிக் கணக்கெடுப்பில் 38 ரம் பாட்டில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பில் இருந்தவர் ஒரு நாயக், சிப்பாய்க்குச் சற்று மேலான தரத்தில் உள்ள வீரர். முதலில் சுபேதார் சாப் கூப்பிட்டு, "உள்ளதை எழுதிக் கொடு" என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டுகிறார். சில நாளில் கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது உண்மை கண்டறியும் கமிட்டி, உட்காருகிறது. அங்கே சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார். அடுத்து தொப்பியும் பெல்ட்டும் கழற்றி, யூனிட்டின் தலைவரான கமாண்டிங் ஆபீசர் (சுருக்கமாக சி.ஓ.) முன்னால் மார்ச் அப், அதாவது குற்றச்சாட்டைக் கேட்க நிறுத்துவது. பிறகு சம்மரி ஆஃப் எவிடன்ஸ், அதாவது சாட்சியங்களை எழுத்தில் பதிவு செய்வது. கடைசியில் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்றம்.

ஐந்து மேசைகள். ஐந்திலும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: பாட்டில் எங்கே? ஆனால் அந்த நாயக் சொல்லும் பதிலுக்குச் சட்டம் தரும் மதிப்பு மேசைக்கு மேசை மாறுகிறது. ஒரு மேசையில் சொன்னதை அவருக்கு எதிராகத் தொடவே முடியாது. இன்னொரு மேசையில் சொன்ன அதே வாக்கியம் அவர் வேலையை முடித்துவிடும். ராணுவத்தில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்காத உரிமையைப் புரிந்துகொள்வது என்றால், தான் எந்த மேசை முன்னால் நிற்கிறோம் என்று புரிந்துகொள்வதுதான். இந்தக் கட்டுரை இந்தியத் தரைப்படையை, அதாவது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தையும் 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளையும் வைத்து எழுதப்பட்டது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

அரசியல் சாசனம் சொல்வது

சாசனத்தின் 20(3) ஒரே வாக்கியம்: குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. இதில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். "குற்றம் சாட்டப்பட்டவர்", "கட்டாயம்", "சாட்சி". மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. சுமையெடுக்கும் மாடு போல எல்லாப் பிரச்சினையையும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் ஏற்ற முடியாது.

சீருடை போட்டால் சாசன உரிமை போய்விடுமா? இந்தச் சந்தேகம் பல குடும்பங்களில் இருக்கிறது. சாசனத்தின் 33-ஆம் பிரிவு, ராணுவத்தினருக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்கவோ மாற்றவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அது உண்மை. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி எந்த உரிமையைக் குறைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு இடம் தருகிறது: சங்கம் சேர்வது, கூட்டம் ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொள்வது, பத்திரிகைக்குப் பேசுவது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாத உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. மாறாக, ராணுவ விதிகளே அந்த உரிமையை வெவ்வேறு இடங்களில் எழுதி வைத்திருக்கின்றன.

"சாட்சி" என்ற சொல்லுக்கும் எல்லை இருக்கிறது. 1961-ல் காத்தி காலு ஓகாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு அந்த எல்லையைப் போட்டது. விரல் ரேகை, கால் தடம், கையெழுத்து மாதிரி கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது. தன் மனதில் இருக்கும் தகவலைச் சொல்லச் சொல்வதுதான் சாட்சி. அதனால் கேன்டீன் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட மாதிரி எழுதித் தரச் சொன்னால், "எனக்கு 20(3) இருக்கிறது" என்று மறுப்பது பலிக்காது. உத்தரவை மீறிய இரண்டாவது குற்றச்சாட்டு ஒன்று வந்து சேர்வதுதான் மிச்சம். 2019-ல் குரல் மாதிரியையும் உச்ச நீதிமன்றம் இதே வரிசையில் சேர்த்தது. அதே சமயம் 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை செய்யக் கூடாது என்றது. மருந்து கொடுத்து வாயைத் திறப்பதும் வாயைத் திறப்பதுதான்.

முதல் மேசை: வெள்ளைத்தாள்

மிக அதிகமாகக் கெடுவது இங்கேதான். காரணம், இதை யாரும் விசாரணை என்றே நினைப்பதில்லை. கமிட்டி இல்லை, பதிவெண் இல்லை. தெரிந்த சுபேதார், பழகிய கம்பெனி ஆபீஸ். "எழுதிக் கொடுத்துடு, சாப்கிட்ட நான் பேசிக்கிறேன்." நாயக் எழுதுகிறார்: "என் தவறால் பாட்டில்கள் குறைந்துவிட்டன, மன்னிக்கவும்." கணக்கில் கவனக்குறைவு என்ற அர்த்தத்தில் அவர் எழுதியிருப்பார். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மேலே ஒரு எண்ணோடு, திருட்டை ஒப்புக்கொண்ட கடிதமாக வந்து நிற்கும்.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். புதிய சாட்சியச் சட்டமான 2023-ஆம் ஆண்டு பாரதீய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் மார்ஷலுக்கும் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சுபேதாரோ, அட்ஜுடன்ட் என்ற சி.ஓ.வின் உதவி அதிகாரியோ, சி.ஓ.வோ போலீஸ் அதிகாரி இல்லை. எனவே போலீஸுக்கான தடை இவர்களிடம் கொடுத்த கடிதத்துக்குத் தானாக வந்து ஒட்டாது.

இங்கே உதவுவது அதே சாட்சியச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்து வந்த ஆசை காட்டல், மிரட்டல், வற்புறுத்தல், வாக்குறுதி இவற்றால் ஒப்புதல் பிறந்ததாக நீதிமன்றத்துக்குத் தோன்றினால் அதை ஏற்கக் கூடாது. "தோன்றினால்" என்பதுதான் சட்டத்தின் சொல். முழுதாக நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் எழுந்தால் போதும் என்பதே அதற்குத் தரப்பட்டுவரும் பொருள். சீருடைக்குள் "அதிகாரத்தில் இருப்பவர்" யார் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. லீவு கொடுப்பவரும், ரோல் கால் எடுப்பவரும், ரகசிய அறிக்கை எழுதுபவரும் அவர்தான்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நீ பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்று எனக்கு யாரும் எச்சரிக்கவில்லை" என்ற ஒரே காரணத்தால் ஒப்புதல் விழாது. அதே 22-ஆம் பிரிவின் விதிவிலக்கு இதை வெளிப்படையாகச் சொல்கிறது. அமெரிக்க ராணுவத்தில் நிலைமை நேர் எதிர். அங்கே அதே 1950-ல் இயற்றிய ராணுவ நீதிச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி, ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட எவரும் ஒரு சந்தேக நபரைக் கேள்வி கேட்கும் முன் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தக் குற்றம் பற்றிய சந்தேகம், பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது சாட்சியமாகும். சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தைக் கோர்ட் மார்ஷலில் அவருக்கு எதிராக ஏற்கக் கூடாது. பேசாமல் இருக்கும் உரிமையைச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்கப் போலீஸுக்கு மிராண்டா தீர்ப்பு வந்ததே 1966-ல்தான். ராணுவம் 16 ஆண்டு முந்திக்கொண்டது. மேலதிகாரி கேட்கும் கேள்வியே உத்தரவு போல் காதில் விழும் என்பதை அங்கே சட்டமே ஏற்றுக்கொண்டது. இந்தியச் சட்டத்திலும் அது வர வேண்டும். வரும்வரை, முதல் மேசையில் எச்சரிக்கை தானாகக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்தத் தாளுக்கு என்ன பதில்? முரண்டு பிடிக்க வேண்டியதில்லை. "சாப், என்கொயரி வைத்தால் அங்கே பதில் சொல்கிறேன்" என்ற பணிவான ஒரு வரி போதும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டால், முடிந்த அளவு சீக்கிரம் எழுத்தில் மறுக்க வேண்டும். அந்த மறுப்பில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில், யார் யார் இருந்தபோது, என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். "மிரட்டி வாங்கினார்கள்" என்று மட்டும் ஒரு வருடம் கழித்துச் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அடுத்த வாரமே தேதியோடு சொன்னது நிற்கும்.

இரண்டாவது மேசை: கோர்ட் ஆஃப் என்கொயரி

பெயரில் கோர்ட் இருந்தாலும் இது நீதிமன்றம் இல்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடித்துச் சி.ஓ.வுக்குச் சொல்ல அமைத்த கமிட்டி. 177 முதல் 185 வரையுள்ள விதிகள் இதைப் பற்றியவை. அதில் இரண்டு விதிகளைப் பெயர் போல மனப்பாடம் செய்துகொள்ளலாம்: 180, 182.

விசாரணையில் ஒருவருடைய குணநலனோ ராணுவ மதிப்போ பாதிக்கப்படும் என்று தெரிந்தவுடன் விதி 180 வேலை செய்யத் தொடங்குகிறது. அதுமுதல் அவர் விசாரணை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். தனக்கு எதிராகப் பேசுபவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தன் சாட்சிகளைக் கூப்பிடலாம். தான் "விரும்பும்" வாக்குமூலத்தைக் கொடுக்கலாம். விரும்பும் என்ற சொல் விதியிலேயே இருக்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் கொடுக்காமலும் இருக்கலாம் என்பது அதன் மறுபக்கம். அதனால் நம் நாயக்கை வெறும் சாட்சியாகக் கூப்பிட்டுக் கேள்விகள் அவர் பக்கம் திரும்பத் தொடங்கினால், "எனக்கு விதி 180 கொடுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்" என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான். எந்தத் தேதியில், எத்தனையாவது சாட்சிக்குப் பிறகு 180 கொடுத்தார்கள் என்பது பின்னால் வழக்கின் தலையெழுத்தையே மாற்றக்கூடிய குறிப்பு. அதற்கு முன் பேசிய சாட்சிகளை மறுபடி கூப்பிட்டுக் குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

விதி 182 ஒரு கனமான கதவு. கோர்ட் ஆஃப் என்கொயரியில் சொன்ன ஒப்புதல், வாக்குமூலம், கேள்விக்கான பதில் எதையும் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவருக்கு எதிராகச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. "ஆமாம், நான்தான் எடுத்தேன்" என்றே சொல்லியிருந்தாலும் சரி. உண்மையை வெளியே கொண்டுவரத்தான் இந்த ஏற்பாடு. பயம் இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். விபத்துக்கும் இழப்புக்கும் காரணம் தெரியாமலே போகும்.

ஆனால் கதவில் இடுக்குகள் உண்டு. அங்கே வேண்டுமென்றே பொய்ச்சாட்சி சொன்னால், அந்தப் பொய்க்கான விசாரணையில் அந்த வாக்குமூலம் பயன்படும். ஆக, மௌனத்துக்குப் பாதுகாப்பு உண்டு, உண்மைக்கும் உண்டு, பொய்க்கு மட்டும் இல்லை. அடுத்த இடுக்கு: ஒரு சாட்சி அங்கே ஒன்று சொல்லிவிட்டுக் கோர்ட் மார்ஷலில் வேறு சொன்னால், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய இரு தரப்பும் அந்தப் பதிவைப் பயன்படுத்தலாம். மூன்றாவது, பலருக்கும் தெரியாதது. "மீதிப் பாட்டில் என் மச்சான் வீட்டில் இருக்கிறது" என்று சொன்னால், அந்த வாக்கியத்தைத்தான் பயன்படுத்த முடியாதே தவிர, அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவரின் சாட்சியத்தை விதி 182 நேரடியாகத் தடுப்பதில்லை. நான்காவது, கோர்ட் மார்ஷல் வேண்டாம் என்று நிர்வாக நடவடிக்கைக்குப் போனால், அதாவது ஷோ காஸ் நோட்டீஸ் (விளக்கம் கேட்கும் அறிவிப்பு), சென்ஷர் (கண்டனம்), பணிநீக்கம் என்று போனால், கோர்ட் ஆஃப் என்கொயரியின் கண்டறிதல்கள் அதற்கு அடிப்படையாகலாம். 20(3) குற்ற விசாரணைக்கான பாதுகாப்பு. நிர்வாக நடவடிக்கைக்கு அதைக் கேடயமாகத் தூக்க முடியாது.

முதல் மேசையில் எழுதிய வெள்ளைத்தாளை இங்கே கொண்டுவந்து எக்சிபிட்டாக (சான்று ஆவணமாக) சேர்த்துவிட்டால் அதற்கும் 182 கிடைக்குமா? அது கோர்ட் ஆஃப் என்கொயரியில் கொடுத்த வாக்குமூலம் இல்லை. வெளியே, முன்பே பிறந்தது. அரசுத் தரப்பு அப்படித்தான் வாதிடும். அந்தத் தாளைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கை சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது: சி.ஓ. முன்னால்

விதி 22-ன் கீழ் நடப்பது. குற்றச்சாட்டைச் சி.ஓ. ஜவானின் முன்னிலையில் கேட்க வேண்டும். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முழுச் சுதந்திரம் உண்டு. "குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?" என்ற கேள்விக்கு இந்த விதியில் இடமே இல்லை. முந்தைய விசாரணையில் விதி 180 ஒழுங்காகக் கொடுத்திருந்தால், இந்தக் கட்டத்தின் நடைமுறையைச் சி.ஓ. விட்டுவிடவும் செய்யலாம். பெரும்பாலும் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

நான்காவது மேசை: சம்மரி ஆஃப் எவிடன்ஸ்

பழகிய சொல்லில் "எஸ்.ஓ.ஈ." விதி 23. ஒரு அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்தையும் ஜவானின் காதில் விழும்படி பதிவு செய்வார். எல்லாச் சாட்சிகளும் முடிந்த பிறகு, அதிகாரி ஜவானைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். வாசகம் விதியிலேயே இருக்கிறது. அதன் பொருள் இது:

"நீங்கள் ஏதாவது வாக்குமூலம் கொடுக்க விரும்புகிறீர்களா? விருப்பம் இல்லாமல் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது எழுத்தில் பதிவு செய்யப்படும், சாட்சியமாகவும் கொடுக்கப்படலாம்."

இதை மெதுவாக வாசிக்க வேண்டும். கோர்ட் ஆஃப் என்கொயரிக்கு இது தலைகீழ். அங்கே உத்தரவின் பேரில் வரவைத்துக் கேட்கிறார்கள். சொன்னதைப் பயன்படுத்தத் தடை. இங்கே சொன்னதைப் பயன்படுத்தலாம்; அதனால் சொல்ல வைக்கத் தடை. இரண்டு மேசையும் ஒரே கட்டடத்தில், சில சமயம் அதே அறையில், அதே நாற்காலிகளோடு இருக்கும். "அங்கேதான் எல்லாம் சொல்லிட்டோமே, இங்கேயும் அதையே சொல்லிடுவோம்" என்று நினைத்து, பாதுகாப்பாக இருந்த ஒப்புதலைப் பாதுகாப்பு இல்லாத தாளில் தன் கையாலேயே மறுபடி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நேரமும் முக்கியம். எல்லாச் சாட்சியமும் பதிவான பின்புதான் இந்தக் கேள்வி. முதல் நாளே, சாட்சிகள் வரும் முன்பே வாக்குமூலம் கேட்டால் அது விதிப்படி இல்லை. தனக்கு எதிராக என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்த பிறகே பேசுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரிசை.

வாக்குமூலம் கொடுத்தால், அதன் மேல் ஜவானைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. இதுவும் விதி 23-ல் இருக்கிறது. எழுதி முடித்த பின் "அப்படியானால் சாவி எங்கே இருந்தது?" என்று அதிகாரி தொடர ஆரம்பித்தால், அந்தக் கேள்வியும் பதிலும் பதிவில் இருக்கக் கூடாதவை.

பேசப் போவதில்லை என்றால் அதற்கான ஹிந்தி வரி எளியது: "மை கோயி பயான் நஹீன் தேனா சாஹ்தா." வாக்குமூலம் கொடுக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. "நான் நிரபராதி, ஆனால்..." என்று ஆரம்பித்தால் அந்த "ஆனால்" ஒரு பக்கம் நீளும்.

ஆனால் பேசாமல் இருப்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றல்ல. வாக்குமூலம் கொடுக்காதவரும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், செய்ய வேண்டும். மௌனமாக இருக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், ஒவ்வொரு சாட்சியின் கீழும் "குற்றம் சாட்டப்பட்டவர் குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை" என்று விழுந்துகொண்டே போகும். நம் நாயக் 12 நாள் லீவில் போயிருந்தார் என்றால், அவர் வாக்குமூலம் கொடுக்காமலே இப்படிக் கேட்கலாம்:

இதற்கு முந்தைய கணக்கெடுப்பு எந்தத் தேதி? அப்போது இருப்பு எத்தனை? இடையில் கேன்டீன் சாவி யார் யாரிடம் இருந்தது? ஒப்படைப்புப் பதிவேட்டில் லீவுக்கு முதல் நாள் கையெழுத்து யாருடையது? லீவு முடிந்து திருப்பி ஒப்படைத்தபோது பாட்டில்களை எண்ணியது யார்?

பதிவேட்டின் ஒரு வரி, இரண்டு கையெழுத்து, ஒரு தேதி. பல வழக்குகள் அந்த ஒரு வரியில்தான் திரும்புகின்றன. கேள்வி கேட்கும்போது கவனிக்க வேண்டியது, கேள்விக்குள்ளேயே ஒப்புதல் ஒளிந்திருக்கக் கூடாது. "நான் பாட்டிலை எடுத்தபோது நீ பார்த்தாயா?" என்று கேட்டால், பார்த்தாரோ இல்லையோ, எடுத்ததைக் கேட்டவரே சொல்லிவிட்டார். விதி 23-ன்படி அவர் கேட்ட கேள்வியும் பதிலோடு சேர்ந்து பதிவாகும்.

எப்போதும் மௌனமே நல்லது என்றும் சொல்ல முடியாது. லீவு சான்றிதழ், ரயில் டிக்கெட், மருத்துவமனைப் பதிவு என்று கையில் உறுதியான காகிதம் இருந்தால், அதை இங்கேயே வைப்பதில் பலன் உண்டு. விதி 24-ன்படி சி.ஓ. இந்தச் சுருக்கத்தைப் படித்துப் பார்த்து, வழக்கை மறுபடி கேட்டுக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்யவும் முடியும். காகிதம் பேசட்டும். காகிதம் இல்லாத இடத்தை வார்த்தையால் நிரப்பப் பார்ப்பதுதான் ஆபத்து.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விதிப்படி இந்தப் பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். சாட்சிக்கோ குற்றம் சாட்டப்பட்டவருக்கோ ஆங்கிலம் புரியாவிட்டால், பதிவானதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். "புரியும் மொழி" என்பது யூனிட்டில் பேசும் ஹிந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பரேடு மைதான ஹிந்தி தெரிந்த தமிழ் ஜவானுக்குச் சட்ட ஹிந்தி தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "கணக்கில் குறைந்தது" என்பதும் "நான் குறைத்தேன்" என்பதும் தமிழில் எவ்வளவு தூரமோ, அவசரத்தில் ஆங்கிலமாக்கும்போது அவ்வளவு பக்கத்தில் வந்துவிடும். தமிழில் வாசித்துக் காட்டக் கேட்கலாம். கேட்டும் கிடைக்காவிட்டால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையால் தமிழிலேயே "எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டவில்லை" என்று தேதியோடு எழுதலாம்.

ஐந்தாவது மேசை: கோர்ட் மார்ஷல்

பல அதிகாரிகள் சேர்ந்து நடத்தும் ஜெனரல், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷல்களில் அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், தனக்கு எதிராக வந்தவற்றை விளக்க விதி 58-ன்படி ஜவானிடம் கேள்வி கேட்பார்கள். சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும், தவறாகச் சொன்னாலும் அதற்காகத் தண்டனை கிடையாது. ஆனால் சொன்ன பதிலை நீதிமன்றம் வழக்கில் எடைபோடும். டிஃபென்டிங் ஆபீசரோடோ (ஜவான் தரப்பில் வாதாடும் அதிகாரி) வழக்கறிஞரோடோ முன்பே உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வேண்டிய இடம் இது.

நிறைய ஜவான்கள் உண்மையில் சந்திப்பது சம்மரி கோர்ட் மார்ஷலைத்தான். இதில் சி.ஓ. ஒருவரே நீதிமன்றம். குற்றச்சாட்டைக் கேட்டவரும் அவரே, எஸ்.ஓ.ஈ.க்கு உத்தரவிட்டவரும் அவரே. கூட இருவர் உட்கார வேண்டும். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் தரத்தில் உள்ளவர் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அதற்குக் கீழ் என்றால் மூன்று மாதம் வரை. டிஸ்மிசலும், அதாவது பணிநீக்கமும், உண்டு. விதி 129-ன்படி ஜவானுக்கு உதவ ஒரு "நண்பர்" உட்காரலாம், வழக்கறிஞராகவும் இருக்கலாம். ஆனால் அவர் காதில் ஆலோசனை சொல்லலாமே தவிர, எழுந்து சாட்சியைக் கேள்வி கேட்க முடியாது.

இங்கே தன்னைத்தானே காட்டிக்கொடுப்பது ஒரே சொல்லில் நடக்கிறது: கில்ட்டி. அந்தச் சொல்லுக்குப் பிறகு அரசுத் தரப்புச் சாட்சிகள் வந்து நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. "ஒத்துக்கோ, சின்ன தண்டனையோட போயிடும்" என்று யாரோ சொன்ன சொல்லை நம்பி, பத்து நிமிடத்தில் பத்து வருட சர்வீஸும் அதோடு ஓய்வூதியமும் கைவிட்டுப் போன கதைகள் ராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்காகவே விதி 115(2) சி.ஓ. மேல் கடமைகளைச் சுமத்துகிறது. குற்றச்சாட்டின் பொருள் ஜவானுக்குப் புரிந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும், நடைமுறை எப்படி மாறும் என்று விளக்க வேண்டும். எஸ்.ஓ.ஈ.யைப் பார்த்தால் இவர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்று தெரிந்தால், அதைத் திரும்பப் பெறும்படி அறிவுரை சொல்லவும் வேண்டும். விதி 116(4) இன்னும் ஒரு படி மேலே: ஒப்புதலின் விளைவு ஜவானுக்குப் புரியவில்லை என்று பிறகு தெரிந்தாலும், பதிவை மாற்றி "நாட் கில்ட்டி" என்று எழுதி விசாரணையைத் தொடர வேண்டும்.

எல்லைப் பாதுகாப்புப் படைக்கு வேறு சட்டம். ஆனால் ஏற்பாடு இதே அச்சுதான். அந்தப் படை வீரர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லிப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பதிவில் அவர் கையெழுத்தே இல்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்புதலை நம்பி நிற்க முடியாது என்று சொல்லி, பணிநீக்கத்தை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

இன்னொரு கணக்கு மணிக்கணக்கு. விதி 34-ன்படி, குற்றச்சாட்டை அறிவிப்பதற்கும் விசாரணை தொடங்குவதற்கும் இடையில் குறைந்தது 96 மணி நேரம் இருக்க வேண்டும். ஆக்டிவ் சர்வீஸில், அதாவது போர்க்களப் பணி போன்ற நிலையில், 24 மணி நேரம். 2009-ல் ஏ.கே. பாண்டே வழக்கில், இந்த 96 மணி நேரம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றப்பத்திரிகை கையில் கிடைத்த நேரத்தை, மணி நிமிடத்தோடு, கையெழுத்துக்குக் கீழேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

அடுத்தவர் வழக்கில் சாட்சியாகப் போனால்

கேன்டீனில் உதவிக்கு இருந்த சிப்பாய், நாயக்கின் கோர்ட் மார்ஷலில் சாட்சியாக நிற்கிறார். "நீயும் ஒரு பாட்டில் எடுத்தாயா?" என்ற கேள்வி வருகிறது. சாட்சிக்கு மௌனம் கிடையாது. சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய கேள்விக்குச் சாட்சி மறுத்தால் அது ராணுவச் சட்டம் 59-ன் கீழ் குற்றம். ஆனால் அப்படிக் கட்டாயத்தின் பேரில் சொன்ன பதிலை வைத்து அவர் மேல் வழக்குப் போடவோ, குற்ற விசாரணையில் அவருக்கு எதிராக நிரூபிக்கவோ முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு, புதியதில் 137. பொய்ச்சாட்சிக்கு இங்கேயும் விலக்கு இல்லை. "பதில் சொல்ல மாட்டேன்" என்று முதலில் ஆட்சேபித்தவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு என்று முன்பு ஒரு வாதம் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. சட்டமே சாட்சியைப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதால், ஆட்சேபிக்காதவருக்கும் பாதுகாப்பு உண்டு.

தண்டனைக்குப் பிறகு கையில் வாங்க வேண்டியவை

கோர்ட் மார்ஷல் நடவடிக்கையின் நகலைக் கேட்டுப் பெற விதி 147 உரிமை தருகிறது. கோர்ட் ஆஃப் என்கொயரியில் தன் வழக்குக்குத் தொடர்புள்ள வாக்குமூலங்கள், ஆவணங்களின் நகலுக்கு விதி 184. இரண்டையும் எழுத்தில் கேட்டு, கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டு மனு ராணுவச் சட்டம் 164-ன் கீழ். அதற்கு மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் ஒரு கிளை சென்னையில் இருக்கிறது. சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டனை என்றால், அது டிஸ்மிசலாகவோ மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிறையாகவோ இருந்தால்தான் அந்தத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளும்.

நகல் வந்ததும் வழக்கறிஞரிடம் ஓடும் முன் குடும்பத்தினரே நான்கு இடத்தைப் பார்த்துவிடலாம். கோர்ட் ஆஃப் என்கொயரியில் விதி 180 எந்தத் தேதியில் கொடுத்ததாக எழுதியிருக்கிறது, அதற்கு முன் எத்தனை சாட்சிகள் முடிந்திருந்தார்கள். எஸ்.ஓ.ஈ.யில் எச்சரிக்கை வாசகம் எந்தப் பக்கத்தில் வருகிறது. கடைசிச் சாட்சிக்குப் பிறகா, முன்னாலா. "கில்ட்டி" என்ற பதிவின் கீழே ஜவானின் கையெழுத்து இருக்கிறதா. அதற்கு மேலே என்ன விளக்கினார்கள் என்று அவர் வழக்கைக் குறித்து எழுதியிருக்கிறதா, அல்லது எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த வரி மட்டும் இருக்கிறதா. குற்றப்பத்திரிகை கொடுத்த நேரத்துக்கும் விசாரணை தொடங்கிய நேரத்துக்கும் நடுவே எத்தனை மணி.